கிழக்கே பார்த்த ஆன்டெனா, தென்கிழக்கே பார்க்கும் டிஷ்

1980களில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ மொட்டை மாடியில் ஏறி நின்றவருக்குத் திசை காட்டும் கருவி தேவைப்பட்டிருக்காது. டி.வி. இருந்த வீடுகளின் உச்சியில் அலுமினியக் குழாய்களால் ஆன ஆன்டெனா நின்றது. அத்தனையும் கிழக்கைப் பார்த்தே நின்றன. 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையம் சேப்பாக்கத்துப் பக்கம் சிவானந்தா சாலையில் இருக்கிறது. கடலை ஒட்டிய அந்த இடத்திலிருந்து வந்த அலையைப் பிடிக்க, நகரின் மேற்கே இருந்த எல்லாரும் கிழக்கே பார்த்துத்தான் ஆக வேண்டும். தாம்பரத்து ஆன்டெனா வடக்கே பார்த்தது, எண்ணூர் ஆன்டெனா தெற்கே பார்த்தது.

அந்த ஆன்டெனாவின் பெயர் யாகி-உடா. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் 1926இல் உலகுக்கு அறிவித்த வடிவமைப்பு அது. வரிசையாக நிற்கும் குழாய்களில் ஒன்றில் மட்டுமே ஒயர் இணைந்திருக்கும். அதற்குப் பின்னால் உள்ள சற்று நீளமான குழாய் அலையைத் திருப்பி அனுப்பும். முன்னால் உள்ள குட்டைக் குழாய்கள் அலையைக் கூட்டிக் கொடுக்கும். ஆகவே ஆன்டெனாவுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. காக்கை உட்கார்ந்தோ ஐப்பசிக் காற்று அடித்தோ அது திரும்பிவிட்டால், வெள்ளிக்கிழமைப் பாடல் நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ தொடங்குவதற்குள் யாராவது மாடி ஏறியாக வேண்டும்.

சென்னை நிலையத்தின் ஒளிபரப்புக் கோபுரத்தின் உயரம் சுமார் 175 மீட்டர். அந்த உயரத்திலிருந்து கிளம்பும் அலை, பூமியின் வளைவு மறைக்கும்வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போகும். பூந்தமல்லியும் ஆவடியும் அந்த வட்டத்துக்குள் வசதியாக அடங்கின. கடல்மேல் வெப்பக் காற்றும் குளிர்க் காற்றும் அடுக்கடுக்காகப் படியும் நாட்களில் அலை வளைந்து இன்னும் தூரம் போவதுண்டு. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைத் தமிழகத்தின் தென்கடற்கரை வீடுகள் பார்த்துப் பழகியது, இலங்கை அருகில் இருந்ததாலும் இந்தக் கடற்காற்றின் துணையாலும்தான்.

கட்டம் கட்டமாக உடையும் படம்

பழைய ஒளிபரப்பில் அலை பலவீனமானால் படத்தில் புள்ளிகள் பூக்கும். புள்ளிகளுக்கு நடுவே செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகவாவது தெரியும். இன்றைய படம் அப்படி மங்குவதில்லை. கடைசி நொடி வரை பளிச்சென்று இருக்கும், பிறகு கட்டம் கட்டமாக உடையும், அதற்குப் பிறகு ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து. இந்தக் கட்டங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வீடியோ வரும் வழிகள் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் அடியில் இருப்பது இந்தக் கட்டம்தான்.

முழு எச்.டி. படத்தில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் 24 பிட்டுகளில் எழுதி, நொடிக்கு 25 படம் அனுப்புவதென்றால் நொடிக்கு 124 கோடி பிட் தேவை. அதைச் சுமக்கும் இணைப்பு அம்பத்தூர் வீடுகளில் அரிது. ஒரு சேனலுக்குக் கிடைப்பது நொடிக்கு 50, 60 லட்சம் பிட். அதாவது இருநூறில் ஒரு பங்கு. மீதியை என்ன செய்தார்கள்?

படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக வெட்டினார்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள். அந்த 64 எண்களையும் அப்படியே எழுதாமல், ‘இந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம் இவ்வளவு, இடமிருந்து வலம் மெல்ல ஏறும் அலை இவ்வளவு, வேகமாக ஏறி இறங்கும் அலை இவ்வளவு’ என்று அலைகளின் கூட்டுத்தொகையாக மாற்றி எழுதினார்கள். செய்தி அரங்கின் நீலப் பின்சுவரில் விழும் கட்டத்துக்கு முதல் எண் ஒன்றே ஏறக்குறையப் போதும். மிக வேகமான அலைகளை மனிதக் கண் கவனிப்பதில்லை, அவற்றைத் தூக்கி எறிந்துவிடலாம். இந்தக் கணக்குமுறையை 1974 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, அவருடைய ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜன், கே.ஆர். ராவ். இதில் ராவ் 1952இல் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். உலகத்தின் கைபேசிகளில் ஓடும் வீடியோவிலும் அனுப்பப்படும் புகைப்படங்களிலும் பெரும்பகுதி இன்றும் இந்த மூவரின் கணக்கின் வழிவந்த முறைகளில்தான் சுருங்கிப் பயணிக்கிறது. நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் இவர்கள் பெயர் இருக்க வேண்டும்.

அடுத்த சிக்கனம் காலத்தில். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பெரும்பாலும் ஒன்றும் மாறுவதில்லை. எனவே அவ்வப்போது ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, நடுவில் ‘எது நகர்ந்தது’ என்பதை மட்டும் அனுப்புகிறார்கள். வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அந்தக் கட்டத்தில் தவறான நிறம் ஒட்டிக்கொள்ளும், அடுத்த முழுப் படம் வந்து துடைக்கும்வரை அப்படியே நிற்கும். நாயகியின் பாதி முகம் உறைந்துபோக, மீதிப் பாதி பேசிக்கொண்டிருப்பது இதனால்தான்.

72,000 கிலோமீட்டர் போய் வரும் பக்கத்து ஊர்

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருக்கிறது. 2017இல் தொடங்கிய தமிழ் ‘பிக் பாஸ்’ வீட்டின் அரங்கு அங்கேதான். பூந்தமல்லி பேருந்து நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம். டிஷ் வைத்திருக்கும் பூந்தமல்லிக்காரர் வீட்டுக்கு அந்த நிகழ்ச்சி எப்படி வருகிறது? பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி வருகிறது. போக வர 72,000 கிலோமீட்டருக்கு மேல். ஒளியின் வேகத்தில் அது கால் நொடிதான்.

செயற்கைக்கோளில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பான்டர் ஒன்றின் திறன் நூறு, நூற்றைம்பது வாட் அளவில் இருக்கும், பழைய காலத்துக் குண்டு பல்பைப் போல. அந்த வெளிச்சத்தைத்தான் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லாத் தட்டுகளும் பகிர்ந்துகொள்கின்றன. 60 செ.மீ. தட்டு அதில் தன் பங்கைத் திரட்டி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற சிறு கருவியின் வாயில் குவிக்கிறது. வந்த அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ். கேபிளுக்குள் விட்டால் சில மீட்டரில் செத்துவிடும். ஆகவே எல்.என்.பி. அங்கேயே அதை ஒன்று, இரண்டு கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கீழே அனுப்புகிறது. அதற்கான மின்சாரமும் அதே ஒயரில் கீழிருந்து மேலே ஏறுகிறது. செட்-டாப் பாக்ஸ் 13 வோல்ட் கொடுத்தால் ஒரு வகை அலை, 18 வோல்ட் கொடுத்தால் இன்னொரு வகை.

எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. சன் டைரக்ட்டும் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷும் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15ஐப் பயன்படுத்துகின்றன. 2015 நவம்பரில் ஏவப்பட்ட கோள் அது. சென்னையிலிருந்து பார்த்தால் நேர் தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து 68 பாகை உயரத்தில் இருக்கிறது. டாடா பிளே 83 பாகையில், கிட்டத்தட்ட தெற்கே, 74 பாகை உயரத்தில். ஏர்டெல் 108.2 பாகையில், கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, 54 பாகை உயரத்தில். அடுக்குமாடி ஒன்றின் மொட்டை மாடியில் தட்டுகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தால், அவை வேறு வேறு கோள்களைப் பார்க்கின்றன என்று பொருள்.

68 பாகை என்பது ஏறக்குறைய தலைக்கு மேல். ஆனால் தட்டைப் பார்த்தால் அது அவ்வளவு உயரத்தைப் பார்ப்பதுபோல் தெரியாது. வீட்டுத் தட்டின் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதே காரணம். தட்டின் முகம் காட்டும் திசையைவிட இருபது, இருபத்தைந்து பாகை மேலே அதன் பார்வை. ‘பக்கத்தில் அபார்ட்மென்ட் எழும்புகிறது, இனி சிக்னல் வராது’ என்று முகப்பேரிலும் திருமுல்லைவாயலிலும் பலர் கவலைப்படுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. உங்கள் தட்டைவிட 10 மீட்டர் உயர்ந்த கட்டடம் 4 மீட்டருக்குள் வந்தால்தான் ஜிசாட்-15ஐ மறைக்கும். தென்னை மட்டை மட்டும் வேறு கதை. அதை வருடா வருடம் கழித்துவிட வேண்டும்.

மழைக்கு வருவோம். இந்த அலையின் நீளம் இரண்டரை செ.மீ. சில மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளிகள் இதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. தூறல் ஒன்றும் செய்யாது. கொட்டும் மழைதான் எதிரி. நம் பகுதியில் மழை மேகங்களில் துளிகள் சுமார் 5 கி.மீ. உயரத்திலிருந்து விழுகின்றன. 68 பாகைச் சாய்வில் பார்க்கும் தட்டின் பார்வை அந்த உயரத்தைத் தொடும்போது, வீட்டிலிருந்து தென்கிழக்கே 2 கி.மீ. தள்ளிய இடத்துக்கு மேலே இருக்கும். வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்துதான் ஊருக்குள் ஏறுகிறது. அதனால்தான் அம்பத்தூரில் வாசல் காய்ந்திருக்கும்போதே படம் உடைகிறது. கொடியில் காயும் துணியை எடுக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

மழையே இல்லாமலும் படம் போகும் நாட்கள் உண்டு. மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள், முற்பகல் 11 மணியை ஒட்டிச் சில நிமிடம், சூரியன் நம் தட்டுக்கும் ஜிசாட்-15க்கும் நேர்கோட்டில் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் ஒரு ரேடியோ அலை மூலம்தான். அதன் இரைச்சலில் கோளின் குரல் அமுங்கிவிடும். பாக்ஸில் கோளாறு என்று அந்த நேரத்தில் யாரையும் வரவழைத்துக் காசு கொடுக்க வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்தால் தானாக வரும்.

கோளே கைவிட்ட சம்பவமும் நம் நினைவில் இருக்கிறது. 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி கோளில் மின்வழங்கல் பழுதாகி, 24 டிரான்ஸ்பான்டர்களில் 12ஐ நிறுத்த நேர்ந்தது. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் வீடுகளில் திரை இருண்டது. நிறுவனம் மலேசியாவின் மீசாட் கோளுக்கு மாற, ஒவ்வொரு வீட்டிலும் ஆள் ஏறித் தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. 60 செ.மீ. தட்டின் பார்வை அகலம் மூன்று பாகைக்குள்தான். இரண்டு பாகை விலகினாலே படம் அம்போ. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு நம் மாடிகளில் நடந்ததும் இதேதான், அப்போது திருப்பிவிட்டது காற்று.

தெருக்கம்பத்து ஒயர்

கேபிளுக்கு வானமே தேவையில்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கியபோது அதை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தவர் தெருவின் கேபிள்காரர். பெரிய தட்டை அவர் வைத்துக்கொண்டார், கறுப்பு ஒயரை நமக்குக் கொடுத்தார். 2003இல் நாட்டிலேயே முதலில் சென்னையில் செட்-டாப் பாக்ஸ் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. செப்புக் கம்பியில் ஓடும் அலை ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் இளைக்கும். வழியெங்கும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும், அதற்குக் கரன்ட் வேண்டும். நம் வீட்டில் கரன்ட் இருந்தும் நான்கு தெரு தள்ளிக் கரன்ட் போனதால் கேபிள் போன நாட்கள் அதனால் வந்தவை.

கண்ணாடி இழை இந்தக் கதையை மாற்றிவிட்டது. முடியைப் போன்ற இழைக்குள் அகச்சிவப்பு ஒளி முழு எதிரொளிப்பால் சிறைப்பட்டு ஓடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு இழப்பது சில சதவீதம்தான். ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்தாலும் போதிய ஒளி மிஞ்சும், வழியில் மின்சாரமே தேவையில்லை. 1490 நானோமீட்டர் ஒளியில் இணையம் வீட்டுக்கு வருகிறது, 1310இல் நம் கோரிக்கை திரும்பிப் போகிறது, 1550இல் கேபிள் சேனல்களையும் கூடவே அனுப்பலாம். நிறம் வேறு என்பதால் ஒன்றோடொன்று மோதாது. மழை இதை அசைப்பதில்லை. அசைப்பது நாம் அதைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் விதம். மின்கம்பத்திலிருந்து வேப்பமரத்துக்கும் வேப்பமரத்திலிருந்து பால்கனிக்கும் போகும் இழை, ஒரு லாரியின் உச்சியில் மாட்டினால் மோடத்தில் சிவப்பு லைட் எரியத் தொடங்கும். சாலையைத் திரும்பத் திரும்பத் தோண்டும் ஊரில் இழையை மண்ணுக்குள் குழாயில் விட ஒரு முறை மனம் வைத்திருக்கலாம்.

இழை எட்டாத புது மனைகளில், ஆவடிக்கு அப்பால் திருநின்றவூர்ப் பக்கம், ‘ஏர்ஃபைபர்’ என்று 5ஜி பெட்டி வைக்கிறார்கள். பெயரில் ஃபைபர் இருந்தாலும் டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. அந்த டவரின் கொள்ளளவை அந்தப் பகுதிக் கைபேசிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். மாலை ஏழு மணிக்கு வேகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கைபேசியில் ‘சுத்துது’

ஆவடி லோக்கலில் இருக்கை கிடைத்தவர்களின் கைகளில் நேற்றைய சீரியல் ஓடுகிறது. அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர் என்று ரயில் ஓட ஓட, கைபேசி டவர் மாற்றி டவர் பிடிக்கிறது. படம் நிற்காததற்குக் காரணம், வீடியோ சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சேவை நிறுவனத்தின் கணினியில் காத்திருப்பதே. கைபேசி சில துண்டுகளை முன்கூட்டி வாங்கிக் கையிருப்பில் வைக்கிறது. கையிருப்பு குறைந்தால் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்கிறது. அதுவும் வரவில்லை என்றால்தான் வட்டம் சுற்றும்.

நேரலையிலும் இந்தக் கையிருப்பு உண்டு. அதனால்தான் சேப்பாக்கத்தில் அடித்த சிக்ஸருக்கு டிஷ் வைத்த வீடு கத்தி முடித்து அரை நிமிடம் கழித்து, கைபேசியில் பார்ப்பவர் பந்து வீசப்படுவதையே பார்க்கிறார்.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் ஒரு முறைதான் அனுப்புகிறது. பத்து வீடு பார்த்தாலும் பத்துக் கோடி வீடு பார்த்தாலும் அதற்கு ஒரே செலவு. கைபேசிக்கு அப்படி இல்லை, பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனி ஓட்டம். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஒருவருக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால்கூட நொடிக்கு 11.8 கோடி மெகாபிட். அதே ஆட்டத்தைக் கோளிலிருந்து அனுப்ப ஒரு டிரான்ஸ்பான்டரில் சிறு பகுதி போதும். ஆயிரக்கணக்கான கணினிகளும் டவர்களும் ஒரே படத்தைக் கோடிக்கணக்கான முறை படியெடுத்து அனுப்புவது பொறியியல் சாதனைதான். ஆனாலும் எல்லாரும் ஒன்றாகப் பார்க்கும் ஒன்றை இப்படித் தனித்தனியாக அனுப்புவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. நேரலையும் செய்தியும் வானில் பொதுவாக வரட்டும். நினைத்தபோது பார்க்கும் படமும் பாடமும் இழையில் வரட்டும். கைபேசி டேட்டா பயணத்துக்கு இருக்கட்டும். 2 மெகாபிட் ஓட்டம் ஒரு மணி நேரத்தில் 0.9 ஜி.பி. தின்னும். 1.5 ஜி.பி. தினசரி பேக் ஒரு சினிமா முடிவதற்குள் தீரும்.

செலவைக் குறைக்கக் கண்ணே ஒரு வழி சொல்கிறது. நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. எட்டடி தூரத்தில் அது 0.7 மில்லிமீட்டர். 43 அங்குலத் திரையின் உயரம் சுமார் 53 செ.மீ. ஆக, நம் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் எட்டடி தள்ளி உட்கார்ந்தால் 750 வரிகளுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. 2160 வரி கொண்ட 4கே படத்துக்காகக் கூடுதல் சந்தா கட்டுவது அந்தக் கூடத்தில் வீண். ஓர் அடி தூரத்தில் பிடித்த கைபேசிக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான். 720 போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் நின்றது. பல பகுதிகளில் கரன்ட் இல்லை, டவர்கள் அடங்கின, கைபேசிகள் வெறும் டார்ச் விளக்குகள் ஆயின. இழை அறுந்த தெருக்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட நாளில் டிஷ்ஷுக்கு ஒரு பலம் உண்டு. அதற்கும் கோளுக்கும் நடுவில் நம் ஊரின் எந்தக் கருவியும் இல்லை. மழை சற்று விட்டு, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் செய்தி வரும். மாதக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஒரு முறை வாங்கினால் போதும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கும் ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மொட்டை மாடியில் தென்கிழக்கு வானம் திறந்திருக்கும் ஒரு மூலையை விட்டுவையுங்கள். சோலார் பலகையும் தண்ணீர்த் தொட்டியும் அந்த மூலையை மறைக்க வேண்டாம். சுவர் பூசுவதற்கு முன்பே மாடியிலிருந்து கூடம் வரை ஒரு குழாய் பதித்து, டிஷ்ஷுக்கான ஆர்.ஜி.-6 ஒயர் ஒன்றையும் கண்ணாடி இழை ஒன்றையும் உள்ளே விட்டுவிடுங்கள். பூசிய பிறகு சுவரை உடைப்பதற்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.